பறங்கிக்காயும் நீற்றுப்பூசணியும்: மன்னார் அடுக்களை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மன்னாரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மூன்று வாயில்களினூடாகவே அதனுள் நுழைந்துள்ளனர். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் ஒரு வாயில். போர்த்துக்கேயர் எழுப்பி ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய கோட்டை இன்னொரு வாயில். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி ஆகிய கரைகளிலே நடைபெற்ற முத்துக்குளிப்பு மூன்றாவது வாயில். இம்மூன்றும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயினும் கோவிலில் வழிபட்டோரும், கோட்டைக்கு வரி செலுத்தியோரும், முத்துக்காகக் கடலில் மூழ்கியோரும் மாலையில் வீடு திரும்பி எதனை உண்டனர் என்னும் வினா இவ்வரலாறுகளிற் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அடுக்களை என்னும் நான்காவது வாயில் இன்னமும் சாத்தியே கிடக்கின்றது.

அவ்வாயிலைத் திறப்பதற்குச் சாசனமோ நாணயமோ மட்டும் போதா. காய்களின் பெயர்களும், பாத்திரங்களின் பெயர்களும், சமைக்கும் முறைகளுமே அங்கு சான்றுகளாகின்றன. அத்தகைய சான்றுகளுள் ஒன்றாகப் பூசணியை எடுத்து, அதனூடே மன்னார்த் தீவினதும் அதனை அடுத்த பெருநிலக் கரையினதும் வரலாற்றை நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் பருவமும்

மேலை நாடுகளிற் பூசணி இலையுதிர் காலத்தின் காயாகக் கருதப்படுகின்றது. கோடையில் விளைந்து, பனி விழுமுன் அறுவடை செய்யப்பட்டு, குளிர்காலம் முழுவதற்கும் சேமித்து வைக்கப்படுவது அது. மன்னாரில் இலையுதிர் காலம் என்றொரு பருவம் இல்லை. இலங்கையின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்றாகிய இக்கரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர் மழையே பெய்கின்றது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றினாற் கிடைப்பது. எனவே குளிர் நாட்டார் பூசணியை அறுத்து அறையில் அடுக்கும் அதே மாதங்களிலேதான் மன்னாரார் அதன் விதையை ஊன்றுகின்றனர். அங்கு அறுவடைக் காலமாயிருப்பது இங்கு விதைப்புக் காலம். ஊன்றிய கொடி மூன்று நான்கு மாதங்களிற் காய்த்து முற்றுகின்றது. தையிலும் மாசியிலும் காய்கள் வீடு வந்து சேர்கின்றன.

இங்கு ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. பெருநிலப் பகுதியில் நானாட்டான், முருங்கன், அடம்பன் போன்ற ஊர்களுக்குக் கட்டுக்கரைக் குளத்தின் நீர் வாய்த்துள்ளது. பழங்காலத்தில் அமைக்கப்பட்டுப் பிரித்தானியர் ஆட்சியில் மீண்டும் திருத்தப்பட்ட இக்குளமே மன்னாரின் நெல்வயல்களுக்கு உயிர்நாடி. தீவுப் பகுதியோ மணற்பாங்கானது. பனையும் முட்செடிகளும் மலிந்தது. கிணற்று நீரில் உவர் ஏறக்கூடியது. அங்கு தோட்டம் என்பது பெரும்பாலும் வீட்டு வளவே. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் பாயும் மூலையில் ஒரு பூசணிக்கொடி, வேலியில் ஒரு பீர்க்கு, முற்றத்து ஓரத்தில் ஒரு முருங்கை, நிலத்தடியில் மரவள்ளியும் வற்றாளையும் இராசவள்ளியும் என அமைவது அவ்வளவின் இயல்பு.

இத்தகைய நிலத்திற் பூசணி பெற்ற மதிப்புக்குக் காரணம் அதன் சுவை மட்டுமன்று. கீரை அன்றே வாடும். கத்தரியும் வெண்டியும் சில நாளிற் கெடும். முற்றிய பூசணியோ காம்புடன் அறுக்கப்பட்டு, அடிபடாமல், ஈரமற்ற நிழலில் வைக்கப்படுமாயின் மாதக்கணக்கில் நிலைக்கும். மழை மூன்று மாதமும் வறட்சி பல மாதமுமாயுள்ள ஒரு நாட்டில், மாரி தந்ததைக் கோடைக்குக் கொண்டுசெல்லும் கலமாகப் பூசணி பயன்பட்டது. மீன் ஒருபுறம் கருவாடாகவும், பனங்கிழங்கு ஒருபுறம் ஒடியலாகவும் மாறிக் கோடையைக் கடந்தன. பூசணி மட்டும் எந்த மாற்றமும் வேண்டாமல், தன் தோலையே காப்பாகக் கொண்டு கடந்தது.

மாதோட்டத்தின் உணவு

பூசணி வருவதற்கு முந்திய மன்னாரின் உணவை அறிவதற்கு மாதோட்ட அகழ்வுகள் துணைபுரிகின்றன. திருக்கேதீச்சரத்தை அடுத்துள்ள மாந்தையில் 1980, 1982, 1984ஆம் ஆண்டுகளில் ஜோன் காஸ்வெல் முதலானோர் அகழ்வுகளை நடத்தினர். 1984இன் பின் போர்ச் சூழலால் அவை தடைப்பட்டன. போர் முடிந்தபின் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அங்கு மீண்டும் அகழப்பட்டபோது, மட்பாண்டங்களோடு கரிந்த தானியங்களும் விதைகளும் கவனமாகச் சேகரிக்கப்பட்டன. அவற்றின் ஆய்வு 2018இல் வெளியாயிற்று. அங்கு மிகுதியாகக் கிடைத்தது நெல். அதனுடன் கி.பி. 600க்கும் 700க்கும் இடைப்பட்ட மிளகு, கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட கராம்பு, இந்நாட்டில் விளையாத கோதுமை, முந்திரிகை விதை ஆகியனவும் கிடைத்தன. கராம்பு அக்காலத்தில் விளைந்த இடம் மலுக்குத் தீவுகள். அங்கிருந்து மாந்தைக்கு ஏறக்குறைய 7000 கிலோமீற்றர் தூரம்.

இச்சான்றுகள் இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றன. முதலாவது, மன்னார்க் கரையின் உணவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கடலை நோக்கித் திறந்திருந்தது. இரண்டாவது, அத்துணைப் பொருள்கள் வந்திறங்கிய துறையிலும் அன்றாட உணவு உள்ளூர் நெல்லாகவே இருந்தது. வெளியிலிருந்து வருவதை ஏற்றுக்கொள்ளுதலும், அதனை உள்ளூர்ச் சோற்றுக்குத் துணையாக்குதலும் ஆகிய இவ்வியல்பு பின்னர்ப் பூசணியின் வரலாற்றிலும் வெளிப்படுவதைக் காணலாம். ஆபிரிக்காவுக்குரிய பெருக்கமரம் மன்னாரில் வேரூன்றியதும் இதே கடல்வழியின் விளைவே. அராபிய வணிகர் கொணர்ந்ததாகக் கருதப்படும் இம்மரங்களுள், பள்ளிமுனையில் நிற்கும் ஒன்று 19 மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவினது.

மாதோட்டத்தின் துறைமுகச் செழிப்பு 11ஆம் நூற்றாண்டளவில் மங்கிற்று. அத்துறையில் வாழ்ந்தோர் சுரையை அறிந்திருக்கலாம். பீர்க்கையும் அவரையையும் அறிந்திருக்கலாம். இவை சங்கச் செய்யுள்களிலேயே இடம்பெறுவன. அவர்கள் அறிந்திருந்த பூசணி எதுவாயினும், அது இன்று மஞ்சட் சதையோடு சந்தையில் விற்கப்படும் பூசணியாக இருந்திருக்க முடியாது. ஏனெனில் அக்காய் அப்போது உலகின் மறுபாதியில் இருந்தது.

கடல் கடந்த காய்

பூசணி என்னும் ஒரே பெயரால் இன்று இரண்டு வேறு செடிகள் சுட்டப்படுகின்றன. அவற்றுள் ஒன்று ஆசியாவுக்கே உரியது. முற்றியதும் வெண்ணிறப் பொடி பூத்து, திருநீறு பூசியது போலத் தோன்றுவது. மற்றையது அமெரிக்கக் கண்டத்துக்குரியது. மெக்சிக்கோவின் ஒகாக்கா மாநிலத்துக் குகை ஒன்றிற் கிடைத்த விதைகள், அவ்வினத்தைச் சேர்ந்த ஒரு செடி ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு பயிரிடப்பட்டதைக் காட்டுகின்றன. 1492இல் கொலம்பஸ் அட்லாந்திக்கைக் கடந்ததன் பின்னரே அக்காய் பழைய உலகுக்கு வந்தது. மிளகாய், சோளம், மரவள்ளி, வற்றாளை, பப்பாசி, கொய்யா, அன்னாசி, கஜு ஆகியனவும் அவ்வாறு வந்தனவே.

இலங்கைக்குப் போர்த்துக்கேயர் வந்தது 1505இல். மன்னாரை அவர்கள் கைப்பற்றியது 1560இல். 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழக்கும்வரை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு மன்னார்க் கோட்டை அவர்கள் வசமிருந்தது. யாழ்ப்பாண அரசு 1619இலேயே வீழ்ந்தது என்பதை நோக்குமிடத்து, வடபகுதியிற் போர்த்துக்கேயரின் ஆட்சியை மிக நீண்டகாலம் அனுபவித்த நிலப்பகுதி மன்னாரே என்பது தெளிவாகும். அமெரிக்கக் காய்கள் வடகரையில் இறங்கிய துறைகளுள் மன்னாரும் ஒன்றாயிருத்தல் கூடும் என்று கருதுவதற்கு இக்காலக் கணக்கு இடந்தருகின்றது.

அக்காய்கள் எவ்வளவு விரைவாக உள்நாட்டுக்குப் பரவின என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1660இல் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், 1679 ஒக்டோபரில் மல்வத்து ஓயா என வழங்கும் அருவியாற்றின் போக்கைத் தொடர்ந்து தப்பிச் சென்று, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அங்கிருந்து மன்னாருக்கு அழைத்துச் செல்லப்பட்டார். 1681இல் வெளிவந்த அவரது நூல், கண்டி நாட்டிலே பயிராகும் மரக்கறிகளைக் கூறுமிடத்துப் பலவகைப் பூசணிகளையும், அவற்றோடு சோளத்தையும் குறிப்பிடுகின்றது. அவர் கூறும் பூசணிகளுள் நீற்றுப்பூசணியும் அடங்கலாம். ஆதலால் அச்சொல்லை மட்டும் கொண்டு முடிவுகட்டுதல் பொருந்தாது. ஆயினும் சோளம் ஐயத்துக்கிடமின்றி அமெரிக்கப் பயிர். கடற்கரைக் கோட்டைகளைப் பிடித்தவர்கள் கண்டி மலைநாட்டை ஒருபோதும் நிலையாக ஆளவில்லை. படைகள் நிலைகொள்ள முடியாத மலைநாட்டுக்குள் அவர்கள் கொணர்ந்த விதைகள் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் சென்றுவிட்டன. விதைக்குக் கோட்டையும் வேண்டியதில்லை, உடன்படிக்கையும் வேண்டியதில்லை. ஒரு பெண்ணின் முந்தானை முடிச்சுப் போதுமானது.

பெயரிற் படிந்த வரலாறு

புதிதாக வந்த காய்க்குத் தமிழர் இட்ட பெயர்கள் ஆராயத்தக்கன. தமிழகத்தில் அது பறங்கிக்காய் எனப்பட்டது. பறங்கியர் கொணர்ந்த காய் என்பது அதன் பொருள். அங்கே பழைய காய் பூசணி என்றும் வெண்பூசணி என்றும் வழங்கலாயிற்று. மலையாளத்தில் பழையது கும்பளம், புதியது மத்தங்காய். சிங்களத்தில் பழையது புகுல், புதியது வட்டக்கா. இம்மொழிகளில் இரண்டு காய்களுக்கும் வெவ்வேறு பெயர்கள் உள்ளன.

ஈழத்துத் தமிழ் வழக்கோ இவற்றினின்றும் வேறுபடுகின்றது. இங்கு பூசணிக்காய் என்று வாளா கூறினால், கேட்போர் உணர்வது மஞ்சட் சதையுடைய அமெரிக்கக் காயையே. பழைய காயைச் சுட்டுதற்கு நீற்றுப்பூசணி என அடைகொடுத்துக் கூறவேண்டியுள்ளது. தமிழகத்தில் நானூறு ஆண்டுகளாகியும் வந்த காய் பறங்கி என்னும் பெயரோடே வாழ்கின்றது. ஈழத்தில் வந்த காய் வீட்டின் பெயரைத் தனதாக்கிக்கொள்ள, வீட்டுக்குரிய காய் அடைமொழி ஒன்றைச் சுமந்து நிற்கின்றது. பறங்கி என்ற சொல் இங்கு போர்த்துக்கேயரையும் அவர் வழிவந்தோரையும் குறிப்பதாக நிலைத்துவிட்டமையால், அதனைக் காய்க்கு இடுதல் வேண்டாததாயிற்றோ என்று எண்ணவும் இடமுண்டு. எவ்வாறாயினும், நாள்தோறும் அடுப்பில் ஏறும் காய்க்கே பொதுப்பெயர் உரியதாகும் என்னும் மொழியியல்பை இவ்வழக்கு காட்டுகின்றது.

பெயரை இழந்தாலும் நீற்றுப்பூசணி தன் சடங்கு மதிப்பை இழக்கவில்லை. புதுமனை புகும்போதும் கண்ணூறு கழிக்கும்போதும் வெட்டப்படுவது அதுவே. உயிர்ப்பலிக்கு மாற்றாகக் கொள்ளப்படுவதும் அதுவே. சித்த மருத்துவத்தில் இலேகியமாவதும் அதுவே. வந்த காய் சமையலைப் பெற்றது. இருந்த காய் சடங்கையும் மருந்தையும் தன்னிடம் வைத்துக்கொண்டது எனலாம்.

குசினியும் போறணையும்

காய்களைப் போலவே பாத்திரங்களும் பெயர்களில் வரலாற்றைச் சுமக்கின்றன. ஈழத்துப் பேச்சுத் தமிழில் அடுக்களைக்குக் குசினி என்று பெயர்; அது போர்த்துக்கேயச் சொல். பொரிக்கும் தாச்சியும், உண்ணும் மேசையும், பாணும், விசுக்கோத்தும் அம்மொழியினின்றும் வந்தனவே. பாண் சுடும் போறணை என்னும் சொல்லும் அவ்வழியினதே. ஆதியில் தமிழர் சமையல் அவித்தல், பொரித்தல், வறுத்தல், தணலிற் சுடுதல் என்பவற்றை அறிந்திருந்தது. மூடிய கூட்டினுள் நாற்புறமும் சூடேற்றி மாவை வேகவைக்கும் முறை இக்கரைக்குப் புதியது. ஆதலால் முறையுடன் பெயரும் சேர்ந்து வந்தது.

இப்புதிய முறை மன்னாரில் ஆழமாக வேரூன்றியமைக்குச் சமயமும் ஒரு காரணமாயிற்று. கத்தோலிக்கர் மிகுந்து வாழும் இம்மாவட்டத்தில் நத்தார்ப் பண்டிகையோடு கேக் இணைந்தது. இலங்கையில் நத்தாருக்கென ஆக்கப்படும் கேக்கின் உறுப்புகளை ஒவ்வொன்றாக நோக்கின் அது ஒரு வரலாற்று ஏடாகவே தோன்றும். ரவை கோதுமை வழியினது, கஜு அமெரிக்காவினது, கராம்பு மலுக்குத் தீவுகளினது, கறுவா இலங்கையினது, பேரீச்சம்பழம் அராபியரது, சீனி கடல்வழி வந்தது. இவற்றோடு சிறு சதுரங்களாக அரியப்பட்டுச் சேர்க்கப்படுவது பூசணித் தோசி. தோசி என்பது இனிப்பைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. அத்தோசிக்குரிய காய் மஞ்சட் பூசணி அன்று, நீற்றுப்பூசணியே ஆகும்.

தோசி செய்யும் முறை எளிதன்று. முற்றிய நீற்றுப்பூசணியின் தோலும் விதையும் நீக்கப்பட்டு, சதை துண்டுகளாக அரியப்பட்டு, முள்ளாற் குத்தப்பட்டு, சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறவைக்கப்படும். சுண்ணாம்பு காயின் சதையை இறுக்குவதால், பின்னர் எவ்வளவு கொதித்தாலும் துண்டு குழைவதில்லை. பலமுறை கழுவிச் சுண்ணாம்பை நீக்கியபின் அவித்து, சீனிப்பாகிலிட்டு, பாகு உள்ளேறிக் கண்ணாடி போலத் தெளியும்வரை காய்ச்சுவர். நீர் மிகுந்து விரைவில் அழுகக்கூடிய ஒரு சதை, நீர் நீங்கிச் சீனி ஏறிய நிலையில் மாதக்கணக்கிற் கெடாதிருக்கும். தையில் அறுத்த காய் மார்கழியிற் கேக்கினுள் இருப்பது இவ்வாறே.

மின்சாரமும் எரிவாயுவும் வீடுகளுக்கு வருமுன்னர் இக்கேக்கை வேகவைக்கும் வழிகள் இரண்டாயிருந்தன. பாத்திரத்தின் கீழே அடுப்பும், தகட்டு மூடியின் மேலே சிரட்டைத் தணலும் இட்டு வீட்டிலேயே சுடுதல் ஒன்று. மாவைத் தட்டில் ஊற்றி, பாண் சுட்டு முடிந்த ஊர்ப் போறணைக்கு அனுப்பி, எஞ்சிய வெப்பத்தில் வேகவைத்தல் மற்றொன்று. முதலாவது முறையிற் சூட்டை அளக்கும் கருவி சமைப்பவரின் கை. மூடிக்கு மேலே கையை நீட்டி எவ்வளவு நேரம் பொறுக்க முடிகின்றது என்பதைக் கொண்டு தணலைக் கூட்டவும் குறைக்கவும் செய்தனர்.

இங்கு ஒரு முரண் காணப்படுகின்றது. கடல் கடந்து வந்த மஞ்சட் பூசணி உள்ளூர் மட்சட்டியில் தேங்காய்ப் பாலோடு கறியாகின்றது. உள்ளூர்க்குரிய நீற்றுப்பூசணியோ, கடல் கடந்து வந்த போறணையினுள் கேக்கோடு வேகின்றது. அமெரிக்காவிற் காரியம் வேறுவிதமாய் நிகழ்ந்தது. 1796இல் அங்கு வெளிவந்த அமெலியா சிம்மன்ஸின் சமையல் நூல், அந்நாட்டவர் ஒருவர் எழுதி அங்கு அச்சான முதற் சமையல் நூலாகக் கருதப்படுகின்றது. அது அவித்து மசித்த பூசணியைப் பாலேடு, முட்டை, சீனி, சாதிபத்திரி, சாதிக்காய், இஞ்சி என்பவற்றோடு கலந்து, மாவுறையிலிட்டுச் சுடுமாறு கூறுகின்றது. அந்நூல் வெளிவருவதற்கு ஓராண்டு முன்னரே, 1795இல், மன்னார் ஆங்கிலேயர் வசமாயிற்று. அமெரிக்கக் காய் மன்னாருக்கு வந்தது. கீழைத்தேய வாசனைப் பொருள் அமெரிக்கப் பூசணிக்குள் புகுந்தது. கப்பல்கள் இரு திசையிலும் சென்றதன் பயனை இரு கரைகளின் அடுக்களைகளும் வெவ்வேறு விதமாக அனுபவித்தன.

அன்றாட அடுப்பு

பண்டிகைக் கேக்கினும் அன்றாடக் கறியே வரலாற்றுக்கு நெருக்கமானது. வடபகுதியிற் பூசணி பெரும்பாலும் பாற்கறியாகவே ஆக்கப்படுகின்றது. தோல் நீக்காது பெருந்துண்டுகளாக வெட்டி, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள் சேர்த்து இரண்டாம் பாலில் அவியவிட்டு, இறக்கும் தறுவாயில் முதற்பாலை ஊற்றுவர். முதற்பால் நெடுநேரம் கொதித்தால் திரிந்துவிடும் என்பதும், தோல் நீங்கினால் துண்டு கரைந்துவிடும் என்பதும் அனுபவத்தால் அறியப்பட்ட உண்மைகள். புளியும் செத்தல்மிளகாயும் சேர்த்துக் குழம்பாக்குதலும் உண்டு. கொடியின் தளிரும் பூவும் வறையாகும். விதை உலர்த்தி வறுத்து உண்ணப்படும். கழிக்கத்தக்கது காம்பு மட்டுமே.

கடற்கரை ஊர்களிற் பேசாலை, வங்காலை, விடத்தல்தீவு என எங்கும் மீனே முதன்மை உணவு. அங்கு மரக்கறிக்குரிய இடம் பருவத்தாலும் சமயத்தாலும் வகுக்கப்படுகின்றது. கடல் கொந்தளித்துத் தோணிகள் கரையேறிய நாட்களில் வளவிலுள்ளதே கறியாகும். மச்சம் விலக்கும் விரத நாட்கள் சைவருக்கு உண்டு. தவக்கால ஒறுத்தல் கத்தோலிக்கருக்கு உண்டு. எருக்கலம்பிட்டி முதலிய முஸ்லிம் ஊர்களில் நோன்பு துறக்கும் கஞ்சியும், பெருநாளுக்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பமும் தனிச்சிறப்புடையன. மூன்று சமயத்தாருக்கும் பொதுவான உணவொன்றைத் தேடின், அது ஒடியல் மாவும் மரவள்ளியும் பயற்றங்காயும் கடலுணவும் கலந்த கூழாகவும், அதற்கடுத்த நிலையிற் பூசணிப் பாற்கறியாகவும் இருக்கும். கோவிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் வேறுபடுத்திய மக்களை அடுப்பு ஓரளவு ஒன்றுபடுத்தியே வைத்திருந்தது.

பஞ்சமும் பங்கீடும் வந்த காலங்களில் இவ்வளவுப் பயிர்களின் மதிப்பு மேலும் உயர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியமையால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா பங்கீட்டில் வழங்கப்பட்டது; பிற்காலத்தில் அது அமெரிக்கன் மா என்றே பெயர்பெற்றது. பாணும் ரொட்டியும் கிராமத்து வீடுகளுக்குள் நிலையாகக் குடிபுகுந்தமைக்கு இது ஒரு முக்கிய காரணம். பின்னர் 1970களின் முற்பகுதியில் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டு, பாணுக்கு மக்கள் வரிசையில் நின்ற வேளையில், மரவள்ளியும் வற்றாளையும் பூசணியும் அரிசியின் குறையை நிரப்பின. ஏழையின் காய் என இகழப்பட்டவை நாட்டின் காய்களாயின.

இடப்பெயர்வும் விதையும்

மேற்கூறிய வரலாறு 1990ஆம் ஆண்டுவரை பெரிதும் தொடர்ச்சி உடையதாயிருந்தது. பறங்கியர் போயினர், ஒல்லாந்தர் போயினர், ஆங்கிலேயர் போயினர், அடுப்பு அணையவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார் முஸ்லிம்கள் வரையறுக்கப்பட்ட பொருள்களோடு மாத்திரம் புத்தளம், கற்பிட்டி முதலிய இடங்களுக்குச் சென்றனர். அதே காலப்பகுதியில் மன்னார்த் தமிழர் பலர் கடல் கடந்து இராமேசுவரத்தை அடைந்தனர். பலர் மடுவிலே தஞ்சமடைந்தனர். 2007, 2008ஆம் ஆண்டுகளின் போரில் பெருநிலப் பகுதியின் நெற்கிராமங்களும் வெறிச்சோடின. 2009இல் போர் முடிந்தபின்னரே மீள்குடியேற்றம் படிப்படியாக நிகழ்ந்தது. தலைமன்னாருக்கான புகையிரதம் 2015இலேயே மீண்டும் ஓடத் தொடங்கிற்று.

இவ்விடைவெளியை அடுக்களையின் கண்கொண்டு நோக்கும்போது ஒரு கணக்கு வெளிப்படுகின்றது. முன்னர் வீடுகளிற் பூசணி விதை கடையில் வாங்கப்பட்டதன்று. நன்கு முற்றிய காயொன்றைத் தெரிந்து, விதையை எடுத்து, சாம்பலிற் பிரட்டி உலர்த்தி, அடுப்புக்கு மேலுள்ள பரணிற் புகை படுமாறு வைத்து, அடுத்த ஐப்பசியில் ஊன்றுவர். இப்பணி பெரும்பாலும் பெண்களுடையது. வீட்டுச் சேமிப்பிற் பூசணி விதை சில ஆண்டுகளே முளைதிறன் உடையது. மேலும் பூசணி தேனீக்களால் அயல்மகரந்தச் சேர்க்கை பெறுவது. ஒரு வீட்டாரோ ஓர் ஊராரோ பேணிய வகையின் தன்மை நிலைக்க வேண்டுமாயின், ஆண்டுதோறும் தெரிந்தெடுத்தல் நடைபெறல் வேண்டும். 1990இல் கைவிடப்பட்ட ஒரு வளவுக்கு 2009இன் பின் திரும்பியவர், இடையிற் கழிந்த ஏறக்குறைய இருபது ஆண்டுகளின் பின் பழைய பரணிலிருந்து எதனையும் முளைக்கச் செய்திருக்க முடியாது. கோட்டைச் சுவர் இருபது ஆண்டுகள் கவனிப்பாரின்றி நின்றாலும் நிற்கும். விதை அவ்வாறு நில்லாது. விதையின் வரலாறு ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படாவிடின் அற்றுப்போகும்.

இன்று மன்னார்ச் சந்தையிற் பூசணி இல்லாமலில்லை. 1999இல் தொடங்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தைப் போன்ற பெருஞ்சந்தைகள் நாடெங்கும் மரக்கறிகளை அனுப்புகின்றன. ஓரளவான, ஒரே நிறமான காய்கள் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. பசிக்கு அவை போதும். ஆயினும் உவர் கலந்த கிணற்று நீருக்கும் மணலுக்கும் மூன்று மாத மழைக்கும் பல தலைமுறைகளாகப் பழக்கப்படுத்தப்பட்ட கொடியும், கடையில் வாங்கிய விதையிலிருந்து முளைக்கும் கொடியும் ஒன்றல்ல. தோசியும் இன்று பெரும்பாலும் கடையில் நிறுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. சுண்ணாம்புத் தெளிநீரின் அளவை அறிந்த கைகள் குறைந்து வருகின்றன. தணலின் சூட்டை உள்ளங்கையால் அளந்தவர்கள் முதுமை எய்திவிட்டனர்.

முடிவுரை

மன்னாரின் வரலாறு வந்தவர்களின் வரலாறு என்று கூறப்படுவதுண்டு. அடுக்களையை நோக்குமிடத்து அது ஏற்றுக்கொண்டவர்களின் வரலாறாகவும் தோன்றுகின்றது. போர்த்துக்கேயரிடமிருந்து காயையும், போறணையையும், அவற்றின் பெயர்களையும் பெற்ற இக்கரை, காய்க்குத் தன் பழைய பெயரையே வழங்கித் தன் பாலிலே சமைத்தது. அவர்கள் கொணர்ந்த இனிப்புமுறையைத் தன் நீற்றுப்பூசணிக்குப் பொருத்தியது. ஆட்சி செய்தவர்களின் பட்டியலில் இச்செயலுக்கு ஆண்டு குறிக்கப்படவில்லை; செய்தவர்களின் பெயரும் குறிக்கப்படவில்லை. அவர்கள் பெரும்பாலும் எழுத்தறியாப் பெண்கள்.

மாந்தையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கராம்பை மண்ணிலிருந்து மீட்பதற்குப் பல நாட்டு அறிஞர் கூடி உழைத்தனர். அதனால் வரலாறு வளம்பெற்றது. எண்பது வயது மூதாட்டி ஒருவர் நினைவிலுள்ள விதை வகைகளையும் சமையல் முறைகளையும் குறித்துக்கொள்வதற்கு அகழ்வும் வேண்டியதில்லை, பெரும்பொருளும் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் சில மாலைப் பொழுதுகளும் போதும். வரலாற்றுத் துறையும் தமிழ்த்துறையும் புவியியற்றுறையும் ஒருங்கே அமைந்துள்ள பல்கலைக்கழகங்களுக்கு இது எளிய பணி. எருக்கலம்பிட்டியிலும் பேசாலையிலும் நானாட்டானிலும் மட்டுமன்றி, புத்தளத்து முகாம்களிற் பிறந்து வளர்ந்தோரின் வீடுகளிலும், தமிழக ஏதிலியர் குடியிருப்புகளிலும் அப்பணி நடைபெறல் வேண்டும். ஏனெனில் மன்னாரின் அடுக்களை இன்று மன்னாரில் மட்டும் இல்லை. கராம்பு மண்ணுக்குள் ஆயிரம் ஆண்டுகள் காத்திருந்தது. மூதாட்டியின் நினைவுக்கு அத்துணைப் பொறுமை இல்லை.